இருமத் தெரிந்த தெரு

ஓகினோ சோஹேய் செத்துப்போய்விட்டார் என்பதில் எங்கள் எழுத்தர் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் பெண்டாட்டி ஒதாமி மட்டும்தான் அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதுவே போதுமான சாட்சி. புருஷன் செத்த வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்?

பிரபுவின் கோட்டையில் எழுத்துத் தூரிகை பிடிக்கும் சாமுராய்கள் குடியிருக்கும் தெரு எங்களுடையது. இடுப்பில் இரண்டு வாள் உண்டு. உருவிப் பார்த்துப் பல வருஷம் ஆனதால் சிலருடையது உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு இத்தனை மூட்டை அரிசி, ஒரு அரசாங்க வீடு. இரண்டும் வீட்டுத் தலைவன் பேரில். அவன் மகன் இல்லாமல் செத்தால் வீட்டின் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். முப்பது நாளில் சட்டி பானையோடு வெளியே போக வேண்டியதுதான்.

ஆகவே எங்கள் தெருவில் யாரும் திடீரென்று சாவதில்லை. திடீரென்று செத்தவர்கள் முதலில் கடும் நோயில் விழுவார்கள். ஒரு பையனைத் தத்தெடுக்க விண்ணப்பம் போகும். கோட்டையிலிருந்து கண்காணிப்பு அதிகாரி வந்து நோயாளி உயிரோடு, சுயபுத்தியோடு இருப்பதை உறுதி செய்வார். எப்படியென்றால், அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்வார். நடுவில் மடக்குத் தட்டி நிற்கும். "இன்னாரை மகனாக ஏற்கச் சம்மதமா?" என்று உரக்கக் கேட்பார். தட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வரும். முத்திரை வைத்த காகிதமும் வரும். அதிகாரி போய்விடுவார். மூன்றாம் நாள் சவப்பெட்டி வரும். நூறு வருஷமாக இந்த நிரகாமிச் சீமையில் வாரிசு வைக்காமல் செத்த சாமுராய் ஒருவன்கூட இல்லை என்று எங்கள் பதிவேடுகள் சொல்லும். பதிவேட்டை எழுதுகிறவர்கள் நாங்கள்தான்.

இருமுவதற்கு எங்கள் தெருவில் செகாவா இருந்தார். அறுபத்திரண்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இருமலிலிருந்து பெறாதவர். பதினொரு வீடுகளுக்கு இருமிக் கொடுத்திருக்கிறார்.

சோஹேய் விழுந்தது பதினோராம் மாதத்தில், முதல் பெரும்பனி அன்று. கூரையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் பலகையோடு சரிந்தார். வலது கை, வலது கால், நாக்கு மூன்றும் போயின. வயது நாற்பத்தொன்பது. பிள்ளை கிடையாது. மலைக் காவலில் இருந்த தம்பியின் இரண்டாவது மகன் இயோரியை ஒதாமி வரவழைத்து வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது. நல்ல பையன். மூன்று பேர் சாப்பாட்டைச் சத்தம் போடாமல் சாப்பிடுவான்.

ஆரோக்கியமானவன் தத்தெடுக்க வேண்டுமானால் சடங்கு உடையில் கோட்டைக்கே போய் விழுந்து கும்பிட்டு விண்ணப்பம் தர வேண்டும். சோஹேய்க்கு அது முடியாது. அப்புறம் மரணப் படுக்கைத் தத்துதான் வழி. அதற்கும் ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. புத்தாண்டு பிறந்தால் ஊரில் எல்லோருக்கும் ஒரு வயது கூடும், சோஹேய்க்கும் கூடும். புத்தாண்டுக்கு முப்பத்தொரு நாள் இருந்தது.

இந்த நேரம் பார்த்து ஒதாமி மூன்று மூட்டை உப்பு வாங்கினாள். பிணம் கெடாமல் இருக்க உப்பு வேண்டும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

செகாவா அன்றைக்கே போய்விட்டார். நானும் கூடப் போனேன், பனி தள்ள உதவுகிற சாக்கில். ஒதாமி பின்கட்டில் வாடிய முள்ளங்கிகளைப் பீப்பாயில் அடுக்கித் தவிடும் உப்பும் தூவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வெள்ளையாக இருந்தது.

"தங்கச்சி, உப்பு நிறைய வாங்கிட்டே போல."

"முள்ளங்கி ஊறப் போட வேணாமா அண்ணே?"

"வேணும் வேணும். முள்ளங்கிதான். நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு?"

"முள்ளங்கின்னு."

"முள்ளங்கின்னா முள்ளங்கிதானே?"

"அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்லலை. ஆனா போன வருஷம் ஒரு மூட்டைதான் வாங்கினே."

"போன வருஷம் இயோரி இங்க சாப்பிடலை."

செகாவா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். முள்ளங்கிதான் இருந்தது. அவர் அதை நம்பவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"பொணத்துக்கு வைக்கிற மாதிரி தலையை வடக்க வச்சுப் படுக்க வைக்கலையே? பழக்க தோஷத்துல வச்சுடாதே. அதிகாரி முதல்ல அதைத்தான் பாப்பான்."

ஒதாமி முள்ளங்கியைக் கீழே வைத்தாள். "அண்ணே, அவரு உயிரோட இருக்காரு."

"பிரமாதம். இப்படியே சொல்லு. குரல்ல கொஞ்சம் அழுகை சேத்துக்கோ."

"கஞ்சி குடிக்கிறாரு. காலையில ரெண்டு கிண்ணம்."

"கிண்ணத்தை எல்லாம் சொல்லாதே. கணக்குச் சொன்னா சந்தேகம் வரும். சரி, யாரு இருமறது?"

"அவருக்கு இருமல் வந்தா அவரே இருமிக்குவாரு."

செகாவாவின் முகம் மாறியது. "வேற ஆளைப் பேசிட்டியா? மேலத்தெரு கசாமாவா? அவன் இருமறது ஒரு இருமலா? வாத்து படி ஏறற மாதிரி இருக்கும். இதைக் கேளு." சின்னதாக மூன்று, பிறகு நீளமாக ஒன்று, அதன் வாலில் நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு விசில். கேட்ட எனக்கே ஐயோ பாவம், இந்த மனிதர் விடியலைப் பார்க்க மாட்டாரே என்று தோன்றியது.

ஒதாமி அவர் கிமோனோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். சோஹேய் மெத்தையில் கிடந்தார். மருத்துவன் மூலிகைப் பற்றுப் போடுவதற்காகத் தலையை மழித்திருந்தான். முகத்தின் வலப்பக்கம் சரிந்திருந்தது. செகாவா மண்டியிட்டுக் கை கூப்பினார். கண்ணை மூடி இரண்டு வரி மந்திரமும் சொன்னார். கண்ணைத் திறந்தபோது சோஹேய் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த செகாவா செருப்பிலிருந்த பனியைத் தட்டினார். பிறகு சொன்னார்:

"உயிரோடதான்டா இருக்கான்."

"நல்லதுதானே?" என்றேன்.

"என்ன நல்லது? செத்திருந்தா நான் பாத்துப்பேன். உயிரோட இருக்கறவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அந்தக் குவானாவுக்கு உயிரோட இருக்கறவங்களைக் கண்டாலே ஆகாது."

அதுவும் உண்மைதான். குவானா இலையுதிர் காலத்தில்தான் கண்காணிப்பு அதிகாரியாக வந்திருந்தான். முப்பத்தொரு வயது. பத்து வருஷம் தலைநகரில் பிரபுவின் மாளிகையில் வேலை பார்த்தவன். வந்த மாதமே ஒரு வீட்டில், யாரும் செய்யாத காரியமாக, எழுந்து போய்த் தட்டியை மடக்கிவிட்டான். நோயாளி உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவர் நோயாளி இல்லை, தோஃபு விற்கிறவர். படுக்கை கதகதப்பாக இருக்கவும் தூங்கிவிட்டார். அந்த வீட்டின் பெயரை மறுநாளே அடித்தார்கள். அந்த வீட்டு அம்மாள் இப்போது அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் இருக்கிறாள்.

அதற்கப்புறம் குவானா பிணங்களைவிட உயிரோடு இருப்பவர்களைத்தான் அதிகம் சந்தேகித்தான்.

சோஹேய் அவனுடைய அலுவலகத்திலேயே எழுத்தராக இருந்தவர், பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். மேலதிகாரி அறைக்குள் வந்தால் எழுத்தர்கள் நெற்றி பாயில் படும்படி கவிழ வேண்டும். மூன்று மாதத்தில் குவானா பார்த்தது சோஹேயின் குடுமியை மட்டும். அதையும் மருத்துவன் மழித்துவிட்டான்.

குவானா வந்தது பன்னிரண்டாம் மாதம் இருபதாம் தேதி, மதியம். ராத்திரி விழுந்த பனியை இயோரி வாசல்வரை தள்ளி வழி வெட்டியிருந்தான். ஒதாமி வழக்கமாகக் கூலிக்குக் குடைகளுக்கு எண்ணெய்க் காகிதம் ஒட்டும் முன் அறையைக் காலிசெய்து துடைத்திருந்தாள். பசை வாடை மட்டும் போகவில்லை. சாட்சிகளாக நாங்கள் ஐந்து பேர் வரிசையில் மண்டியிட்டிருந்தோம். முதலில் செகாவா. மூன்றாவது நான்.

குவானா தனக்குப் போட்டிருந்த மெத்தையில் உட்காரவில்லை. நேரே போய்த் தட்டியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். சோஹேயின் தலைமாட்டில் உட்கார்ந்து, காய்கறி வாங்க வந்தவன் பூசணிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இவர் யாரு?"

நாங்கள் ஐந்து பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்: "ஐயமின்றி ஓகினோ சோஹேய் அவர்களே."

"அந்தத் தோஃபுக்காரனுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. இதே ராகத்துல." குவானா திரும்பினான். "அன்னைக்குச் சாட்சி சொன்ன அஞ்சு பேருல இங்க எத்தனை பேரு?"

கூரையிலிருந்து பனி வழுக்கி விழுந்தது. செகாவா உத்தரத்தில் ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் காட்டச் சொல்லும்மா. எழுத்தர்தானே."

"வலது கை விழுந்துடுச்சுங்க," என்றாள் ஒதாமி.

"பேசச் சொல்லு."

"நாக்கும் விழுந்துடுச்சுங்க."

"அடையாளம் காட்ட என்னென்ன வேணுமோ எல்லாம் சரியா விழுந்திருக்கு."

"ஆமாங்க ஐயா. அதுக்குப் பேருதான் வியாதி."

என் பக்கத்தில் இருந்தவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கண்காணிப்பு அதிகாரியிடம் அப்படிப் பேசியவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஒதாமி தரையில் கை ஊன்றிக் கும்பிட்டபடியேதான் சொன்னாள். குரல் மட்டும் கும்பிடவில்லை.

"ஐயா, இருபத்தாறு வருஷம் இவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். ஆள் பிடிச்சு வைக்கிறதா இருந்தா இதைவிட நல்ல ஆளாப் பிடிச்சிருக்க மாட்டேனா?"

குவானா சிரிக்கவில்லை. கூட வந்திருந்த உதவியாளனிடம் கை நீட்டினான். அவன் துணியில் சுற்றிய ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தான். பிரித்தான். எல்லாம் உறுதிக் கடிதங்கள். நோயாளி உயிரோடு இருந்ததைப் பார்த்தோம் என்று கோட்டைக்குப் போன கடிதங்கள்.

"இருபது வருஷத்துக் கடிதம். ஒரே கையெழுத்து. ஒரே வாசகம்." ஒன்றை எடுத்துப் படித்தான். "'உடல் தளர்ந்தும் உள்ளம் தெளிந்து, தம் கையாலேயே முத்திரை இட்டார்.' அடுத்தது. 'உடல் தளர்ந்தும் உள்ளம் தெளிந்து.' அதுக்கு அடுத்தது, உள்ளம் தெளிந்து. முப்பத்தொம்பது பேர். எழுந்து நடமாடறவங்கள்ல இத்தனை பேருக்கு உள்ளம் தெளிஞ்சு நான் பாத்ததில்லை. எழுதினது ஓகினோ சோஹேய்."

கடிதக் கட்டை மெத்தை ஓரத்தில் வைத்தான்.

"ஏம்மா, யோசிச்சுச் சொல்லு. இவரு சோஹேய் இல்லைன்னா ஆள்மாறாட்டம், வீடு போச்சு. இவரு சோஹேய்தான்னா முப்பத்தொம்பது பொய்க் கடிதம் எழுதினவரு, அப்பவும் வீடு போச்சு. எது வேணும்?"

இயோரி அன்றைக்கு முதல் தடவையாகப் பசி இல்லாதவன்போல் இருந்தான். வீட்டில் கணப்புச் சட்டியில் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் சோஹேயின் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. இடது கையை நீட்டிக் கணப்புச் சட்டியைக் காட்டினார்.

"சும்மா இருங்க," என்றாள் ஒதாமி.

மறுபடி உறுமினார்.

"பேசாம இருங்கன்னா!"

"தள்ளிக் குடு," என்றான் குவானா.

இயோரி சட்டியை நகர்த்தினான். சோஹேய் இடது கையால் சாம்பலைச் சமனாகத் தட்டினார். கரி எடுக்கும் இரும்புக் குச்சியைப் பிடித்தார். நாக்கு நுனி வாயோரத்தில் தெரிய, எழுத ஆரம்பித்தார். கோணல் எழுத்துதான். ஆனால் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்பதில் பிசகில்லை. எழுத்தர் அறையில் பிரம்படி வாங்கிப் படித்த வரிசை அது.

நாற்பது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. முப்பத்தொன்பது குற்றம் சாட்டினால் நாற்பது என்று திருத்துகிற மனிதரை எந்தச் சாட்சி காப்பாற்றுவான்?

"நாப்பதா?" என்றான் குவானா. "மூணு தடவை எண்ணினேன். முப்பத்தொம்பதுதான்."

சோஹேய் குச்சியால் 'நாற்பது' மேல் தட்டினார். பிறகு கீழே இன்னொரு வரி எழுதினார். ஆட்டு வருஷம், ஆறாம் மாதம், மூன்றாம் நாள்.

குவானா அதைப் படித்தான். முகம் மாறவில்லை. காது மட்டும் மெல்லச் சிவந்தது.

"அது இதுல சேராது," என்றான். "அதை நான்தான் எடுத்து வச்சிருக்கேன். எங்க வீட்டுப் பூஜை மாடத்துல இருக்கு. எங்க அப்பாவோடது. பெத்த அப்பா இல்லை. தன் அக்கா மகன்னு என்னை எடுத்து வளத்தவரு. அந்தக் கடிதம் மட்டும் நிஜம். எனக்குப் பன்னெண்டு வயசு, அடுத்த அறையில உக்காந்திருந்தேன். சம்மதமான்னு கேட்டாங்க. எங்க அப்பா இருமினாரு. என் காதால கேட்டேன்."

சோஹேய் அவனைப் பார்த்தார். குச்சியை எடுத்து மறுபடியும் 'நாற்பது' மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

செகாவா அரை மணி நேரமாக எதையோ விழுங்கி விழுங்கி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பனிக்காற்றோ, பயமோ. அவரால் முடியவில்லை. இருமிவிட்டார். சின்னதாக மூன்று. நீளமாக ஒன்று. வாலில் ஒரு விசில்.

குவானா திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

"யாரு அது?"

"நான்தாங்க. பனி ஒத்துக்கலை."

"இன்னொரு தடவை இருமுங்க."

"ஐயா?"

"இருமுங்கன்னு சொன்னேன்."

செகாவா இருமினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மோசமாக இரும முயன்றார். முடியவில்லை. விசில்வரை அப்படியே வந்தது.

குவானா சாம்பலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வருஷமாகக் காதுக்குள் வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்து இந்த இருமலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. கேட்கும்போது குரல் அதிகாரியின் குரலாக இல்லை.

"எப்ப?"

செகாவா தலையைப் பாயில் வைத்தார். "அதுக்கு முந்தின நாளே ஐயா. சாயங்காலம். தோட்டத்துல செம்பருத்திக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து உக்காந்தாரு. அப்படியே."

"கஷ்டப்படலையா? நான் கேட்ட வரைக்கும்... நெஞ்சு கிழியற மாதிரி..."

"இல்லைங்க. அவரு ஒரு கஷ்டமும் படலை. நான்தான் கொஞ்சம் அதிகமா இருமிட்டேன். அப்ப அளவு தெரியலை. எனக்கு அது மூணாவது வீடு."

ஒதாமி மட்டும் என்ன நினைத்தாளோ, எழுந்து போய் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து குவானாவின் பக்கத்தில் வைத்தாள். சூடாகக்கூட இல்லை. அவன் அதை முழுக்கக் குடித்தான்.

பிறகு காகிதமும் மையும் கேட்டான். கூட வந்தவன் எழுத உட்கார்ந்தபோது தூரிகையை வாங்கிக்கொண்டு தானே எழுதினான். ஓகினோ சோஹேய், வயது நாற்பத்தொன்பது. தம்பி மகன் இயோரியை மகனாக ஏற்றார். உடல் தளர்ந்தும்... அங்கே தூரிகை நின்றது. ஒரு பெருமூச்சு விட்டான். உள்ளம் தெளிந்து, தம் கையாலேயே முத்திரை இட்டார்.

இடது கைதான். ஆனாலும் கை. ஒதாமி அவர் விரல்களை முத்திரையின் மேல் மடக்கிக் கொடுக்க, அவர் அழுத்தினார்.

குவானா மை உலர ஊதினான். சோஹேய் கழுத்தைத் தூக்கிக் கடிதத்தைப் பார்த்தார். உறுமினார். குச்சியால் ஓரிடத்தைக் காட்டினார்.

"இப்ப என்னய்யா?"

பிரபுவின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து அளவுக்கு இடம் விட வேண்டும். குவானா ஒன்றுதான் விட்டிருந்தான்.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். குவானா கடிதத்தைப் பார்த்தான், சோஹேயைப் பார்த்தான். பிறகு இரண்டாகக் கிழித்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தான்.

"ஓகினோ சோஹேய்தான்," என்று கூட வந்தவனிடம் சொன்னான். "இந்த நேரத்துல இதைப் பாக்கறதுக்கு வேற எவனும் வர மாட்டான்."

போகும்போது கடிதக் கட்டைத் துணியில் சுற்றித் தானே எடுத்துப்போனான். அந்த முப்பத்தொன்பது கடிதங்கள் அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் படாத இடங்கள் எங்கள் எழுத்தர் அறையில் நிறைய உண்டு. வாசலில் காலணி மாட்டும்போது செகாவாவிடம் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று நாங்கள் துளைத்தெடுத்தோம். செம்பருத்தி வெள்ளையா சிவப்பா என்று கேட்டானாம். செகாவா சிவப்பு என்று சொல்லியிருக்கிறார். நிஜமா என்றேன். "யாருக்குடா ஞாபகம் இருக்கு?" என்றார்.

இயோரி வீட்டுக்கு வாரிசானான் என்று இருபத்தெட்டாம் தேதி கோட்டையிலிருந்து காகிதம் வந்தது. புத்தாண்டுக்கு மூன்று நாள் பாக்கி. அன்று மாலை நான் கொஞ்சம் கருவாட்டோடு போயிருந்தேன். ஒதாமி சோஹேய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜமாச் சொல்லுங்க," என்றாள் அவரிடம். "அந்த நாப்பதாவது கடிதம் அந்த ஆளோட வீட்டுதுன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

சோஹேய் கஞ்சியை விழுங்கினார். கணப்புச் சட்டிப் பக்கம் கை நீட்டினார். அவள் நகர்த்தினாள். சாம்பலைத் தட்டிச் சமன் செய்து, நிதானமாக எழுதினார்.

எண்ணிக்கை தப்பு.

"அவ்வளவுதானா? எண்ணிக்கை தப்புன்னு மட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். அடுத்த கரண்டிக்கு. ஒதாமி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். சரிந்த பக்கத்தில் எதுவும் தெரியாது. சரியாத பக்கத்திலும் எதுவும் தெரியவில்லை. மேலதிகாரிகள் ஏழு பேரைப் பார்த்து ஓய்ந்த முகம் அது.

"இயோரி," என்று கூப்பிட்டாள், கண்ணை எடுக்காமல். "இங்க வந்து உங்க பெரியப்பா முகத்தைக் கொஞ்சம் பாரு."

அவன் வந்து பார்த்தான். "ஏன் பெரியம்மா? உடம்புக்கு முடியலையா?"

"இல்லைடா," என்றாள் ஒதாமி. "இருபத்தாறு வருஷமா இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுட்டிருந்தேன்."